அருகே நிற்பவரின் கைகள்

இருதயம் நின்றவிடத்து வாழ்வும் நின்றது என்பது மனித இனத்தின் நெடுங்கால முடிபாக இருந்தது. அம்முடிபு முற்றிலும் சரியன்று என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ ஆராய்ச்சி காட்டிற்று. இருதயம் ஓய்ந்த பின்னரும் சில நிமிடங்கள்வரை மூளை மீட்கத்தக்க நிலையிலேயே உள்ளது. ஆயின், அந்தச் சில நிமிடங்களுள் வைத்தியர் வந்து சேர்தல் அரிது. அருகே நிற்பவர் யாரோ, அவரே அக்கணத்தின் வைத்தியர் ஆகின்றார்.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மயக்கமருந்து வைத்தியரான பீற்றர் சாபார். 1950களின் பிற்பகுதியில் பல்டிமோர் நகரில் அவர் நடத்திய சோதனைகளில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைத் தம் உடலில் ஏற்கத் தொண்டர் சிலர் முன்வந்தனர். அவர்களுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டியவர்களுள் மருத்துவம் கல்லாத சாதாரண மக்களும் இருந்தனர். முதுகையும் கைகளையும் அசைத்து மூச்சூட்டும் பழைய முறைகளிலும் இதுவே மேலானதென நிறுவப்பட்டது.

அதே நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலாளர் கோவென்ஹோவன், அவருடன் பணியாற்றிய இளம் பொறியியலாளர் நிக்கர்பொக்கர், சத்திரசிகிச்சை வைத்தியர் ஜூட் ஆகிய மூவரும் வேறொரு வழியில் முயன்றுகொண்டிருந்தனர். நாயின் நெஞ்சில் மின்தகடுகளை அழுத்தியபோது, மின்சாரம் பாயுமுன்னரே இரத்த அழுத்தம் உயர்வதை அவர்கள் கவனித்தனர். நெஞ்சைப் பிளவாமலே, வெறுங்கைகளால் அழுத்திக் குருதியை ஓடச் செய்யலாம் என்பது அதனாற் புலனாயிற்று. 20 நோயாளருள் 14 பேர் பிழைத்தமையை அவர்கள் 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூச்சும் அழுத்தமும் விரைவில் ஒரே சிகிச்சையாக இணைந்தன.

1966இல் சாபாரின் மகள் தொய்வு நோயினால் உயிர் நீத்தாள். சிறுமியின் இருதயம் மீண்டும் இயங்கிற்று; மூளை மீளவில்லை. உதவி காலந்தாழ்த்தால் இருதயத்தை மீட்டும் பயனில்லை என்பதை அத்தந்தை தம் இல்லத்திலேயே காண நேர்ந்தது. அதன்பின் மூளையைக் காக்கும் ஆராய்ச்சியிலும், நோயாளர் வீழ்ந்த இடத்துக்கே சிகிச்சையைக் கொண்டுசெல்லும் முயற்சியிலும் அவர் முனைந்து ஈடுபட்டார்.

அக்காலத்தில் பிட்ஸ்பேர்க் நகரில் நோயாளரை ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் பொலிஸ் வண்டிகளும் பிரேத ஊர்திகளுமே. 1967இல் அந்நகரின் வறிய கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் ‘பிரீடம் ஹவுஸ்’ அம்புலன்ஸ் சேவை தோன்றியது. வேலையற்றோர் என ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களுக்குச் சாபாரின் வழிகாட்டலில் ஏறத்தாழ 300 மணிநேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. வீதியிலேயே மூச்சுப்பாதையைத் திறக்கவும், இருதயத்தை இயக்கவும் அவர்கள் தேர்ச்சி பெற்றனர். பின்னர் அவர்களை நெறிப்படுத்திய வைத்தியர் நான்சி கரோலின், அவ்வனுபவத்தைக் கொண்டு வகுத்த பாடத்திட்டம் அமெரிக்க நாடு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

ஆயினும் 1975இல் நகராட்சி தனது சொந்தச் சேவையைத் தொடங்கியபோது பிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவையிற் சேர்ந்த அதன் ஊழியருட் பலர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பாடத்திட்டம் போற்றப்பட்டது, அதனைத் தம் உழைப்பால் மெய்ப்பித்தவர்கள் பல ஆண்டுகள் மறக்கப்பட்டனர்.

கலையை எவரும் கற்கலாம் என அறிவியல் கூறிய பின்னரும், எவருடைய கைகளை நம்புவது என்பதைச் சமுதாயமே தீர்மானித்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும் என்பதே இன்றைய விதி. அவ்விதியிற் பட்டம், குலம், நிறம் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீழ்ந்து கிடப்பவரும் அவற்றை வினவுவதில்லை.