வாடகைக் குதிரையின் லாடம்

வாடகை வீட்டில் குடியிருந்து பழகியவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும். கூரை ஒழுகினால் அது வீட்டுக்காரருடைய கூரை. ஒழுகுகிற தண்ணீர் மட்டும் குடித்தனக்காரருடையது. "அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் வீட்டுக்காரர். பிறர் சொத்துக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று குடித்தனக்காரர் ஒழுகும் இடத்தில் ஒரு அண்டாவை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இரண்டு புத்திசாலிகளுக்கும் நடுவே கூரை பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு இது எப்படியோ பொறுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், தாயாரையும் பெண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற மோட்டாருக்குப் பொறுக்குமா என்பதுதான் விஷயம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் இப்போது சாரதி இல்லாமல் கார் மட்டும் வாடகைக்குக் கிடைக்கிறது. கைப்பேசியில் நாலு தட்டுத் தட்டினால் போதும். சாவி கைக்கு வந்துவிடும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இந்த வண்டிகளின் அடையாளம். வெள்ளைப் பலகை போட்ட சொந்தக் கார்களையும் சிலர் சிநேகிதர் போல நடித்து வாடகைக்கு விடுகிறார்கள். அவற்றின் பக்கம் போகாமலிருப்பது நல்லது. விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் அந்தச் சிநேகிதத்தை நம்பமாட்டார்கள்.

முற்காலத்தில் சென்னையில் ஜட்கா வண்டி அமர்த்துகிறவர் முதலில் குதிரையைப் பார்ப்பார். விலா எலும்பு எண்ணும்படி இருக்கிறதா, கால் நொண்டுகிறதா, லாடம் தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் தெருவில் நிற்கிறபோதே கண்ணில் படும். மோட்டாரில் அந்தச் சௌகரியம் இல்லை. மேலே பளபளவென்று துடைத்து, உள்ளே ஊதுவத்தி வாசனை போட்டுவிட்டால் விலா எலும்பு மூடிக்குள் மறைந்துவிடுகிறது.

சென்ற சித்திரை மாதம் என் தாயாருக்கு ஸ்ரீரங்கம் போகவேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று. ஏகாதசியன்று பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று நாளும் அவளே குறித்துவிட்டாள். தாம்பரத்திலிருந்து ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். ரயில் இருந்தது, டிக்கெட்தான் இல்லை. தவிரவும், அவளுடைய முழங்கால் ரயில் படியை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே ஒரு காரை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் சாயங்காலமே தாம்பரம் ஸானடோரியத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அது எங்களுக்காகக் காத்திருந்தது.

வண்டியை எடுக்குமுன் எட்டுப் புகைப்படங்கள் அனுப்பவேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. முன்பக்கம், பின்பக்கம், நாலு கதவு, கண்ணாடி, மூலை முடுக்கு எல்லாவற்றிலும் உள்ள கீறல்களைப் பதிவு செய்யச் சொல்லுகிறார்கள். திரும்பி வரும்போது புதிய கீறல் இருந்தால் நம்மிடம் வசூல் செய்யவேண்டுமே! எஞ்சினை யாரும் கேட்கவில்லை. பிரேக்கை யாரும் கேட்கவில்லை. கம்பெனியின் கவலையெல்லாம் தோலைப் பற்றியது.

என் மாமா, அதாவது தாயாரின் தம்பி, என்னோடு வந்திருந்தார். தாம்பரம் மின்சார ரயில் கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல். ஏதோ தாமே அதைக் கூட்டி வந்ததுபோல் பேசுவார். நான் கீறல்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்கையில் அவர் மூடியைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார்.

"ஏனப்பா, இதைக் கொஞ்சம் பார்" என்றார்.

எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. நிறம் கண் மை. ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது: அடுத்த ஸர்வீஸ் 40,000 கிலோமீட்டரில். மீட்டரில் இருந்தது 46,812. பத்தாயிரத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டிய எண்ணெய் ஏறக்குறைய பதினேழாயிரம் ஓடியிருக்கிறது!

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மீட்டர் ஓடிய தூரத்தைச் சொல்லுமே தவிர, நின்றபடியே உறுமிய நேரத்தைச் சொல்லாது. பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் தாண்டி, 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரையில், பண்டிகைக்கு முதல் நாள் ஜி.எஸ்.டி. ரோடில் போனவர்களுக்கு இது விளங்கும். அரைமணியில் இரண்டு கிலோமீட்டர் நகர்ந்தாலும் எஞ்சின் அரைமணி நேரமும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஊர் வாடகை வண்டிக்குப் பதினேழாயிரம் என்பது வெறும் பதினேழாயிரம் அல்ல.

பிறகு மாமா டயர்களுக்கு வந்தார். டயரின் பள்ளங்களுக்குள்ளே சிறு சிறு மேடுகள் உண்டு. மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர் என்று அர்த்தம். சட்டம் அதற்குக் கீழே அநுமதிப்பதில்லை. முன் டயர் இரண்டும் சமமாகியிருந்தன. பக்கவாட்டில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். மாற்று டயரில் 1418 என்று இருந்தது: 2018-ம் வருஷத்துப் பதினாலாவது வாரம். அதைக் கட்டைவிரலால் அமுக்கினால் பூரி போல் உள்ளே போயிற்று. பிரேக் எண்ணெய் காப்பிக் கஷாயம் மாதிரி கறுத்திருந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. நாளானால், பலமாகப் பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளேயிருக்கிற ஈரம் ஆவியாகிறது. கால் மிதிப்பது ஆவியை, சக்கரத்தை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், வண்டியின் தஸ்தாவேஜுகள் எல்லாம் சரியாயிருந்தன. அரசாங்கத்தின் எம்-பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். தகுதிச் சான்று, இன்ஷ்யூரன்ஸ், புகைச் சான்று எதிலும் கெடு தாண்டவில்லை. வாடகை வண்டிக்கு எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தகுதிப் பரிசோதனை. அந்த இரண்டு வருஷத்தில் அது எத்தனை தடவை ஏற்காடு ஏறி இறங்கியிருக்கும் என்பது சான்றிதழுக்குத் தெரியாது.

"எங்கள் இலாகாவில் இது நடக்குமா?" என்றார் மாமா. ரயில் பெட்டியின் மேல், எந்தப் பட்டறையில் எந்தத் தேதியில் முழுப் பழுது பார்த்தார்கள், மறுபடி எப்போது பட்டறைக்குத் திரும்பவேண்டும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கிற எவரும் படிக்கலாம். நாள் வந்துவிட்டால் பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவார்களாம். ரயில்வேயைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு. ஆனாலும் இந்த வழக்கத்தை மெச்சத்தான் வேண்டும்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பிள்ளை பரம மரியாதையாகப் பேசினான்.

"ஸார், வண்டி நன்றாக ஓடும். நேற்றுத்தான் ஒருவர் பாண்டிச்சேரி போய்வந்தார். நீங்கள் திரும்பி வந்ததும் ஸர்வீஸுக்கு அனுப்புவதாக இருக்கிறோம்."

"அவர் போய்வந்தது அவருடைய அதிர்ஷ்டம் என்று சொல்லு" என்றார் மாமா பக்கத்திலிருந்து.

பிள்ளை இன்னொரு யோசனை சொன்னான். பக்கத்து மெக்கானிக்கிடம் நாங்களே எண்ணெய் மாற்றிக்கொண்டு பில்லை அனுப்பினால் பணம் திரும்பி வருமாம். அப்படியே எழுதி அனுப்பச் சொன்னேன். எழுதித் தர அதிகாரம் இல்லை என்றான். வாயால் தருகிற அநுமதி வேறு, எழுத்தில் தருகிறது வேறு. எழுத்தில்லாமல் பிறர் எஞ்சினில் கை வைத்தால், நாளைக்கு அது நின்றுபோகும் சமயத்தில் "உங்கள் மெக்கானிக்தான் கெடுத்தான்" என்று சொல்ல அவர்களுக்கு வழி ஏற்பட்டுவிடும். எண்ணெய் மாற்றினாலும் டயர் முளைக்கப் போவதில்லை.

ஆகவே மீட்டர், சீட்டு, டயர், எண்ணெய்க் கம்பி ஆகியவற்றைப் படம் பிடித்து, செயலியிலேயே எழுத்து மூலமாக அனுப்பினேன்: வண்டியின் ஸர்வீஸ் கெடு தாண்டிவிட்டது, டயர் சட்ட அளவில் இல்லை, வேறு வண்டி தரவேண்டும், அதுவரை எங்கள் பிரயாணம் ஆரம்பமாகவில்லை. சாவியைத் திருப்பவே இல்லை. நகர்த்தின வண்டிக்கும் நகர்த்தாத வண்டிக்கும் தகராறில் வெகு வித்தியாசம்.

சட்டம் இதில் வாடகைக்கு எடுப்பவர் பக்கம் என்பது அநேகருக்குத் தெரியாது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 150-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இரவல் கொடுப்பவன் தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லவேண்டும். வாடகைக்குக் கொடுப்பவனோ, குறை தனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதனால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பாளி. இதற்கு அந்தச் சட்டமே காட்டும் உதாரணம் வாடகை வண்டிதான். வண்டி அபாயகரமானதென்று சொந்தக்காரனுக்கே தெரியாது, அமர்த்தினவனுக்குக் காயம், சொந்தக்காரன்தான் ஈடு செய்யவேண்டும். மோட்டார் பிறக்குமுன்பே எழுதியவர்கள் மோட்டாருக்கும் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஆனால் நஷ்ட ஈடு காலுக்கு உண்டே தவிர, கால் திரும்பி வராது. மேலும், குறையைக் கண்ணால் பார்த்தபிறகும் ஓட்டிக்கொண்டு போனவருடைய வழக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வக்கீல்களுக்கு நல்ல வருமானம் தரக்கூடிய கேள்வி.

வீட்டில் வேறு வழக்கு நடந்தது. விடியற்காலம் ஐந்து மணிக்குப் புறப்படுவதென்று மூட்டை கட்டியாகிவிட்டது. மறு வண்டி பதினோரு மணிக்குத்தான் வரும் என்று செய்தி வந்ததும், "உங்கள் இருவருக்கும் எண்ணெய் பார்க்கத் தெரிகிறது, நாள் பார்க்கத் தெரியவில்லை" என்றாள் தாயார். மாமா, "அக்கா, நான் சொல்வதைக் கேள்" என்று ஆரம்பித்தார். அக்கா கேட்கவில்லை. என் மனைவி, "நாலு பேருடைய உயிர் இருக்கிறதே, அம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

வந்த வண்டியைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் வெட்கமாயிருந்தது. உடம்பெல்லாம் கீறல், படம் எடுக்க எட்டு போதவில்லை. ஆனால் ஸர்வீஸ் ஆகித் தொளாயிரம் கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. டயரில் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஜாக்கியும் ஸ்பானரும் பெட்டியில் இருந்தன. சந்துக்குள் மெதுவாக ஓட்டி நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்தோம்; பெட்ரோல் பங்கில் மாற்று டயருக்கும் சேர்த்துக் காற்றடித்தோம். அதற்கெல்லாம் இருபது நிமிஷம் ஆயிற்று.

பரனூர் சுங்கச் சாவடியைத் தாண்டும்போது மணி இரண்டரை. விழுப்புரம் வரையில் தாயார் மாமாவோடு பேசவில்லை. ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்போது இருட்டி நேரமாகிவிட்டது. ஏகாதசிச் சேவை கிட்டவில்லை. துவாதசியன்று காலையில் சேவித்தாள். ஆனாலும் அந்த ஒரு நாளை அவள் இன்னும் மாமாவின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் என் பையன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினான். நாங்கள் வேண்டாமென்ற கார், இடது கதவில் அதே நெளிவோடு, சனிக்கிழமைக்குத் தயார் என்று பட்டியலில் இருந்தது. மலைப் பிரயாணத்துக்கு உகந்தது என்று வேறு போட்டிருந்தார்கள். அதே நாலு படங்களையும் மறுபடி அனுப்பி, ஸர்வீஸ் ஆகிவிட்டதா என்று கேட்டேன். மரியாதைக்காரப் பிள்ளை போனில் வந்து, "பார்த்துச் சொல்லுகிறேன், ஸார்" என்றான்.

"பார்த்துச் சொல்ல வேண்டாம், பார்த்துவிட்டு வண்டியை விடச் சொல்லு" என்றார் மாமா.

இரவு சாப்பிட்டு எழுந்ததும் பையன் மறுபடி பார்த்தான். பட்டியலில் அந்தக் கார் இல்லை.