கச்சால் தீவில் நம்மவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அந்தமான் என்றதும் நமக்கு செல்லுலார் சிறைதான் நினைவுக்கு வரும். பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். 1858இல் கைதிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். 1896இல் தொடங்கிய சிறைக் கட்டடம் 1906இல் முடிந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1943 டிசம்பரில் நேதாஜி அங்கே கொடியேற்றினார். எல்லாம் உண்மை. ஆனால் இளையரசனேந்தல் பக்கம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இன்னும் தெற்கே, நிக்கோபார் கூட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீவின் பெயர் கச்சால்.

நம் தென்சீமையில் மழை பொய்த்த காலங்களில் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்கள் ஏராளம். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி என்று பல சீமைகளிலிருந்தும் போனார்கள். மலையை வெட்டித் தேயிலையும் ரப்பரும் வளர்த்தார்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து லயத்தில் இருந்தவர்களைக் கேட்டு எழுதிய கணக்கில்லை இது.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை அரசாங்கம் பல இடங்களுக்கு அனுப்பியது. சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். அப்படி ஒரு சிறு கூட்டம் கச்சாலுக்கும் போய்ச் சேர்ந்தது. காட்டைத் திருத்தி அரசு அங்கே ரப்பர் போட்டிருந்தது. விடியும் முன்னே எழுந்து மரத்தைச் சீவிப் பால் எடுக்கத் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன. இந்தியாவில் கால் வைத்தவர்கள் மறுபடியும் கடல் தாண்டினார்கள்.

இதில் மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. கச்சால் ஆளில்லாத தீவு அல்ல, நிக்கோபாரிகளின் ஊர். தென்னையும் தாழையும் பன்றியும்தான் அவர்கள் செல்வம். கொப்பரைதான் வியாபாரம். நிலமும் தோப்பும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. அவர்களைப் பாதுகாக்க 1956லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வெளியார் அங்கே நிலம் வாங்க முடியாது. ஆகவே நம்மவர்கள் எத்தனை வருஷம் பால் வெட்டினாலும் தோட்டத்துக் கூலிகள்தான். சொந்தமாக ஒரு செண்டு கிடையாது. நிக்கோபாரிகள் பக்கம் நின்று பார்த்தாலும் நியாயம் இருக்கிறது. பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினர் ஆங்கிலேயர் வந்தபோது சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் வெறும் 44 பேர். அவர்களில் போ மொழி பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தபோது அந்த மொழியும் போயிற்று. வெளியார் வந்து குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2000 ஜனவரி 1இல் புத்தாயிரத்தின் முதல் சூரியன் உதிக்கும் இடம் என்று கச்சாலை விளம்பரம் செய்தார்கள். ஐந்தே வருஷத்தில், 2004 டிசம்பர் 26இல், சுனாமி வந்தது. அந்தமான் நிக்கோபாரில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. நிக்கோபாரியும் போனார், நம்மவரும் போனார். கடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்த ரப்பர் தோட்டத்தைப் பின்னாளில் நடத்திய அரசு வனத்தோட்டக் கழகத்தையும் மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் ஏறக்குறைய 3.8 லட்சம் மக்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழர். போர்ட் பிளேயரில் முருகன் கோயில் உண்டு, தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. மளிகை, கட்டுமானம், மீன்பிடி, அரசு வேலை என்று பிழைப்பு ஓடுகிறது. அரிசியிலிருந்து சிமெண்ட் வரை பெரும்பாலும் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் கடையில் விலை ஏறிவிடும்.

இப்போது கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகமும் அதையொட்டி விமான நிலையமும் நகரமும் வரப்போகின்றன. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆமை முட்டையிடும் கரை அது. ஷோம்பென் மக்கள் வாழும் காடும் அந்தத் தீவில்தான். நாட்டுக்குத் துறைமுகம் தேவை என்பார்கள். இருக்கலாம். ஆனால் அங்கே இருக்கிறவர்களை முதலில் கேட்க வேண்டாமா? கைதிகளைக் கேட்கவில்லை, பழங்குடிகளைக் கேட்கவில்லை, மலையகத்திலிருந்து வந்த நம்மவர்களையும் கேட்கவில்லை. தீவுகளின் இருநூறு வருஷ வரலாறு முழுக்க இதுதான்.

நம் பக்கத்து ஊர்களில் இலங்கைக்குப் போய்த் திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். கச்சாலுக்கோ போர்ட் பிளேயருக்கோ போன உறவுகள் யாருக்காவது இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளிருக்காது.