மச்சான் பிடித்த கயிறு

கொல்லிமலை எடப்புளி நாட்டில், மிளகுத் தோட்டத்து நடுவில் ஒரு கிணறு. களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பலா நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் தொடும் படியில் ஒருவன் நின்றான், இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் தாம்புக்கயிறு. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் ரப்பர் விளிம்புக் கண்ணாடி. அடுத்த வாரம் கம்பெனி ஆட்களோடு புதுச்சேரி போகிறானாம்; கடலுக்குள் ஸ்கூபா. கயிற்றின் மறுமுனை மேலே மச்சான் கையில்.

முகத்தை வைத்தான். இரண்டு நொடி. விருட்டென்று நிமிர்ந்தான்.

"மூச்சு முட்டுது மச்சான்."

"ஆகாய கங்கையில அவ்ளோ தண்ணி மண்டையில கொட்டறப்ப முட்டலியா?"

"அது விழுந்துட்டுப் போயிருது. இது சுத்தி நிக்குதே."

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கன்னத்தைப் பாரு, பணியாரமாட்டம். காத்தை எதுக்கு அடைச்சு வெச்சிருக்கே? கொஞ்சங் கொஞ்சமா விடு மாப்ளே."

சரியான வைத்தியம். உள்ளே தேங்கும் கரியமில வாயுதான் நெஞ்சை முட்டுகிறது. ஸ்கூபாவிலும் முதல் பாடம் அதுதான்: மூச்சை அடக்காதே.

இந்த முறை மூக்கோரம் குமிழிகள் கிளம்பின. இரண்டு படி இறங்கி ஏறினான். காதைத் தேய்த்தான். பிறகு கண்ணாடியோடு சேர்த்து மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினான். காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் எல்லோரும் செய்வதுதான். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் கூடும் காற்றழுத்தத்தைத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மீட்டரிலேயே ஏற்றிவிடும். கடலில் 10 மீட்டர் போனால், கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு.

மறுபடி முங்கினான். விறைத்திருந்த கயிறு தளர்ந்து தண்ணீர்மேல் சுருண்டது. மலைத்தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கும், மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவனுக்கும் கயிறு பிடிக்க மச்சானே வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது பிடியை விடமாட்டான்.

"மாப்ளே..."

குமிழிகள் மட்டும் வந்தன. மச்சானின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கயிற்றை இழுக்கப் போனார்.

தலை மேலே வந்தது. கையில் பாசி படிந்த ஒரு பித்தளைச் சொம்பு.

"தண்ணிக்குள்ள நாலாவது படியில கெடந்துது மச்சான். எல்லாம் பளிச்சுன்னு தெரியுது!"

களத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். "அய்யோ, அது எங்க சொம்பு. போன வருசம் விழுந்தது."

அவன் சிரித்துக்கொண்டே அதைக் கழுவினான். படியேறாமல், மறுபடி தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தான், வேறென்ன கிடக்கிறது என்று.

மேலே மச்சான் கையில் சுற்றிய கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. விரல்களில் அதன் முறுக்கு சிவப்பாகப் பதிந்திருந்தது.