சாட்சியும் சேர்ந்து விழும்போது

தன் சாவைப் பற்றித் தானே வாக்குமூலம் எழுதிவைக்க வேண்டிய நிலை கணினிக்கு உண்டு. லினக்ஸ் கெர்னல் நிலைகுலையும்போது, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசையைத் திரையில் கொட்டுகிறது. 'ஊப்ஸ்' என்று அதற்குச் செல்லப்பெயர். கடைசி அழைப்பு மேலே, முதல் அழைப்பு கீழே. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஆனால் அந்த வாக்குமூலம் பதிவாக வேண்டிய வன்தட்டே விபத்தில் மாட்டிக்கொண்டால், மறுநாள் காலையில் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது.

2006இல் நண்பர்கள் சிலர் பழைய சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒரு கணினியில் சேர்த்துவந்தோம். 3 வன்தட்டுகள், மென்பொருள் வழி ரெய்டு 5. இரண்டு தட்டுகளில் இருப்பதை எக்ஸ்-ஆர் செய்து மூன்றாவதில் எழுதிவைக்கும் கணக்கு. ஒன்று போனாலும் மற்ற இரண்டிலிருந்து அதை மீட்கலாம். 1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் ரெய்டின் 'ஐ' என்ற எழுத்து 'மலிவான' என்பதைக் குறித்தது. மலிவு என்று சொல்லி விற்க முடியாதவர்கள் பின்னாளில் அதைச் 'சார்பற்ற' என்று ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு முதல் பொருளே பொருத்தம்.

அந்தக் கணினி ஒரே மாதத்தில் 4 முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் மீண்டு எழுந்ததும் தட்டுகளைச் சரிபார்த்து ஒத்திசைக்கத் தொடங்கும். அந்த மணிநேரங்களில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒத்திசைவு முடியுமுன் ஒரு தட்டு பழுதானால், எக்ஸ்-ஆர் கணக்கு பழைய தரவைக் கொண்டு பிழையான பக்கத்தை மீட்டுத் தரலாம், சத்தமில்லாமல்.

நினைவகத்தைச் சந்தேகித்து மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிட்டோம், பழுதில்லை. கேபிள்களை மாற்றினோம். பிறகுதான் நெட்கன்சோல் வைத்தோம்: வன்தட்டின் தயவு இல்லாமல், சாகும் கணினியின் கடைசிச் சொற்களை வலையமைப்பு வழியே பக்கத்துக் கணினிக்கு அனுப்பும் ஏற்பாடு. அதன்பின் கிடைத்த இரண்டு வாக்குமூலங்களும் வெவ்வேறு இடத்தைக் காட்டின. பலருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கோ அந்த முரண்தான் முதல் துப்பாகத் தோன்றியது. ஒரே பிழை வேறு வேறு இடத்தில் வெடிக்கிறதென்றால், எதுவோ எதன்மீதோ வழிந்து எழுதுகிறது.

இரண்டாவது வாக்குமூலம் மிக நீளம். என்.எஃப்.எஸ். எக்ஸ்.எஃப்.எஸ்.ஸை அழைக்கிறது, அது எல்.வி.எம்.மை, அது ரெய்டை, அது வட்டு இயக்கியை. நடுவே 'ஜெனரிக் மேக் ரெக்வெஸ்ட்' என்ற பெயர் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு படுகையும் தனக்குக் கீழுள்ளதிடம் எழுதச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொன்றும் கெர்னல் அடுக்கில் இடம் பிடிக்கிறது. எங்கள் கெர்னலில் அந்த அடுக்கின் அளவு 4 கிலோபைட். அதன் அடிமட்டத்தில்தான் அந்த இழையைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. அடுக்கு நிரம்பி அவற்றின்மேல் வழிந்தது. தனித்தனியே பார்த்தால் எந்தப் படுகையிலும் குற்றமில்லை.

8 கிலோபைட் அடுக்குடன் கெர்னலை மறுபடி தொகுத்தோம், அதன்பின் விழவில்லை. 2007இல் வந்த 2.6.22 பதிப்பில், மென்பொருள் ரெய்டின் பராமரிப்பாளர் நீல் பிரவுன் அந்த உள்ளழைப்புகளை ஒரு வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக நிறைவேற்றும்படி மாற்றினார். சில வரிகள்தான், படிக்க அழகானவை. 64 பிட் எக்ஸ்86இல் அடுக்கு 16 கிலோபைட்டானது 2014இல்.

கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது 11 பக்கங்கள் போயிருந்தன. கோப்பின் நீளம் சரியாக இருந்தது; உள்ளே வெறும் பூச்சியங்கள். மூல இதழை உரியவரிடம் முன்பே திருப்பிக் கொடுத்திருந்தோம். கேட்டதும் மறுபேச்சின்றி எடுத்துத் தந்தார். தாளின் ஓரங்கள் முன்னைவிட உதிர்ந்திருந்தன. ஒரு பக்கத்தில் கடைசி இரண்டு வரிகள் இல்லை.