பெயர் தாங்கிய ஓடுகளம்

அகமதாபாத்திலுள்ள பெரிய கிரிக்கெட் அரங்கில் 1,32,000 பேர் அமரலாம். கரீபியன் கடலில் உள்ள கிரெனடா நாட்டு மக்கள் அனைவரையும் அழைத்து வந்து அமரச் செய்தாலும், அந்த அரங்கில் இடம் எஞ்சியிருக்கும். அந்நாட்டின் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். தில்லியின் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அத்துணைச் சிறிய நாட்டுக்கும் ஒரு தேசிய ஓடுகளம் உண்டு. தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் அமைந்துள்ள அதன் பெயர் கிரானி ஜேம்ஸ் தடகள அரங்கம். அது மறைந்த மன்னர் ஒருவரின் பெயரன்று. வாழ்ந்துவரும் ஓட்ட வீரர் ஒருவரின் பெயர்.

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஐவன் என்னும் சூறாவளி கிரெனடாவைத் தாக்கியது. 39 பேர் உயிரிழந்தனர். பத்து வீடுகளில் ஒன்பது வீடுகள் சேதமுற்றன. நாட்டுக்கு வருவாய் ஈட்டித் தந்த ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்தன. தேசிய விளையாட்டரங்கமும் சிதைந்தது. மேற்குக் கரையில் உள்ள மீனவர் ஊரான குவாவைச் சேர்ந்த சிறுவன் கிரானிக்கு, அப்போது பன்னிரண்டு வயது நிறைந்து ஆறு நாள்களே ஆகியிருந்தன.

கூரை இழந்த மக்களுக்கு ஓடுகளம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். முறையான கேள்விதான். வீடும் பள்ளியும் முதலில் எழ வேண்டும். ஆனால் ஜாதிக்காய் மரம் நட்டவுடன் காய்ப்பதில்லை; ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காய்க்கும் காலம் தொலைவில் இருக்கிறது என்பதற்காக எந்த உழவரும் நடாமல் இருப்பதில்லை. ஓட்ட வீரரும் அவ்வாறே, ஒரே நாளில் உருவாவதில்லை.

சூறாவளி வீசி எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தொலைவை 43.94 விநாடிகளில் ஓடிக் கிரானி தங்கம் வென்றார். அவருக்கு வயது பத்தொன்பது. கிரெனடா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மறுநாள் நாடு முழுவதும் அரைநாள் விடுமுறை அறிவிக்கப்பட்டது.

அந்த வெற்றிக்கு முந்தைய நாள் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் உலகம் மறக்கவில்லை. அரையிறுதி ஓட்டத்தில் செயற்கைக் கால்களோடு ஓடிய தென்னாப்பிரிக்க வீரர் கடைசியாக வந்தார். முதலாவதாக வந்த கிரானி அவரிடம் சென்று, தம் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து, அவர் பெயர் எழுதிய அட்டையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். வென்றவர் தோற்றவரின் பெயரைப் போற்றிய நேரம் அது.

மேற்படிப்புக்காக அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் கிரானி. பயிற்சி பெற்றது அயல்நாட்டில். ஆயினும் மார்பில் அணிந்தது கிரெனடாவின் பெயரைத்தான். 2016இல் ரியோவில் வெள்ளியும், 2021இல் டோக்கியோவில் வெண்கலமும் பெற்று, ஆடவர் 400 மீட்டரில் மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற முதல் வீரரானார்.

சீன நாட்டின் உதவியோடு புதிதாகக் கட்டப்பட்ட ஓடுகளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கரீபியன் நாடுகளின் இளையோர் ஓடும் கரிஃப்டா போட்டிகள் 2016இலும் 2024இலும் அங்கே நடைபெற்றன. அயல்தீவுகளின் பிள்ளைகளும் அந்தப் பெயரின் கீழ் ஓடினர்.

400 மீட்டர் என்பது ஓடுகளத்தின் ஒரு முழுச் சுற்று. வெளித்தடங்களின் சுற்று நீளம் என்பதால், அவற்றில் ஓடுவோர் தடத்துக்கு ஏழு மீட்டருக்கு மேல் முன்தள்ளி நின்று தொடங்குவர். உட்தடத்தில் ஓடுபவரோ புறப்பட்ட கோட்டுக்கே திரும்பி வந்து ஓட்டத்தை முடிப்பார். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊரை விட்டுச் செல்வோர் எல்லாருக்கும் அப்படித் திரும்பி வர இயல்வதில்லை. ஆயினும் புறப்பட்ட கோட்டை நினைவில் வைத்திருக்க எவராலும் இயலும்.

சொற்பொருள்
தடகளம் – ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய விளையாட்டுகள்
எஞ்சுதல் – மீதமாதல்
அயல்நாடு – வேற்று நாடு

சிந்தித்து எழுதுக
1. ஜாதிக்காய் மரத்துக்கும் ஓட்ட வீரருக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. கிரானி பெயர் அட்டையை மாற்றிக்கொண்டது எதைக் காட்டுகிறது?
3. உன் குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு வந்தனர்? கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.