பாலத்தின் மேல் போகும் தண்ணி

இங்கிலாந்தில் வார்விக்‌ஷயர் பக்கம் யார்னிங்கேல் என்று ஒரு சின்னத் தொட்டிப்பாலம் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாய் ஒரு ஓடையைக் கடக்கும் இடம் அது. முதலில் மரத்தால் கட்டியிருந்தார்கள். 1834இல் வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போக, அதே வருடம் வார்ப்பிரும்பில் தொட்டி செய்து வைத்தார்கள். இன்றைக்கும் கீழே ஓடை, மேலே படகு. படத்தைப் பார்த்ததும் எங்கட செட்டில் ஒருவன் கேட்டான்: "மச்சான், இந்தத் தண்ணி எந்தக் கண்டத்துக்குப் போகுது?" எந்தக் கண்டத்துக்கும் இல்லை, அது சரக்குப் படகுக்கு வெட்டிய கால்வாய். கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்கால் என்றால் வயல்தான், என்ன செய்ய!

வயலுக்குத் தண்ணி கொண்டுபோகும் தொட்டிப்பாலம் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் இருக்கிறது. நாங்கள் போனதில்லை, காணொளியில் பார்த்ததுதான். காமராஜர் முயற்சியில் வந்த திட்டம், 1966இல் கட்டி முடித்தார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே பறளியாறு ஓடுகிறது. அதற்கு மேலே 28 தூண்களில் 1200 அடிக்கு மேல் நீளமான கொங்கிரீட் தொட்டி, உயரம் 115 அடி. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. லேசான சரிவு போதும், தண்ணி தானாக நடந்து போகும்.

உயரத்தைத்தான் எல்லாரும் வியக்கிறார்கள். எங்களுக்குப் பட்டது வேறு. அந்தத் தொட்டிக்குள் போகும் தண்ணியை நடுவில் யாரும் வெட்டித் திருப்ப ஏலாது. இந்தக் குன்றில் ஏறுவது அந்தக் குன்றில் இறங்கியே ஆகணும். மண் வாய்க்காலில் அப்படியா? ஒவ்வொரு வளைவிலும் ஒரு மண்வெட்டி காத்திருக்கும். மேலே உள்ளவன் வயல் நிரம்பி வழியும். கடைசிக் கண்டத்துக்காரன் வட்டவிதானை வீட்டு வாசலில் நிற்பான். எங்கட வாப்பாமார் அப்படி நின்றவர்கள்தான்.

1981 கதை இதனால்தான் எங்களுக்கு முக்கியமாகப்படுகிறது. கல்லோயா இடதுகரையில் மேல்பக்கம் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றக்காரர்கள், கடைசியில் தமிழ் விவசாயிகள். அந்தச் சிறுபோகத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணிதான் இருந்தது. விவசாய ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டம் முடித்த இளைஞர் யுவதிகளை ஊர்களுக்குள் அனுப்பின. கொந்தராத்து இல்லை, இயந்திரம் இல்லை, வீடு வீடாகப் போய்க் கதைப்பதுதான் வேலை. பல வருடமாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகள் சிரமதானத்தில் துப்புரவாக்கினார்கள். முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணியைக் கீழே விட்டார்கள், மேல்பக்கத்துச் சிங்களவர்கள் கீழ்பக்கத்துத் தமிழர்களுக்கு. நாடு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த வருடம் அது என்று யோசித்துப் பாருங்கள்! யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் அதே 1981தான். இதில் வேலை செய்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார்.

கலைப்பீடத்துக்காரர்களைப் பார்த்து "படிச்சு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். ஆனால் மறுபாதியையும் சொல்லணும். அந்தப் பட்டதாரிகளுக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. நிரந்தர ஆசிரியர் நியமனம் வந்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எங்களில் யாரும் அதைத்தான் செய்திருப்போம். நியமனக் கடிதம் வந்தால் வீட்டில் உம்மா விடுவாவா?

அந்தக் காலத்து வட்டவிதானைமார் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வருகிற விடுமுறையில் இரண்டு பேராகப் பிரிந்துபோய் அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யப் போகிறோம். முதல் கேள்வியும் எழுதிவைத்தாச்சு: மேலேயிருந்து தண்ணி வந்த அந்த நாளில், வாய்க்காலைப் பார்த்து முதலில் என்ன சொன்னீங்க, மூத்தப்பா?