செல்லப் பிள்ளை

பெற்ற தாயிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "உன் பிள்ளைகளில் யாரிடம் உனக்குப் பிரியம் அதிகம்?" கதாசிரியனிடம் அதைக் கேட்கவே வேண்டியதில்லை. நாலு அத்தியாயம் படித்தால் தானே தெரிந்துவிடும். எந்தப் பாத்திரம் உள்ளே நுழைந்ததும் மற்றவர்களெல்லாம் அசடுகளாகி விடுகிறார்களோ, அதுதான் செல்லப் பிள்ளை!

என் தொடர்கதை ஒன்றில், கடிதம் கொடுத்துவிட்டுப் போக ஒரு தபால்காரர் வந்தார். மனிதர் எனக்குப் பிடித்துப் போனார். குடை கொடுத்தேன், இருமல் கொடுத்தேன். ஏழாவது வாரம் கதாநாயகன் பேச வேண்டிய வசனத்தையே அவர் கேட்க ஆரம்பித்தார். மறு வாரமே வேறு ஊருக்கு மாற்றல் செய்து அனுப்பிவிட்டேன்.

அமெரிக்காவில் ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வராமலே போயிற்று. அவர் பெயர் வுல்வரின். 'எக்ஸ்-மென்' என்ற வீரர் கூட்டத்தின் படக்கதை 1963-இல் தொடங்கியது. அதன் தலைவன் சைக்ளாப்ஸ். கண்ணைத் திறந்தால் எதிரில் இருப்பதைத் தகர்த்துவிடுவான் என்பதால் எப்போதும் சிவப்புக் கண்ணாடி அணிந்த, பொறுப்பான இளைஞன். கை நகங்களை நீட்டிச் சண்டை போடும் வுல்வரின் அதில் சேர்ந்தது 1975-இல்தான். கனடாக்காரன் என்று கற்பிக்கப்பட்டவன். சில காலத்துக்குப் பின் அவனைக் கழற்றிவிடும் யோசனை கூட எழுந்தது. 1977-இல் சித்திரம் வரைய வந்த ஜான் பைர்ன் கனடாவில் வளர்ந்தவர். நம் ஊர்ப் பிள்ளையை விடலாமா என்று அவனுக்காக வாதாடினார். அந்த அபிமானம் இல்லாவிட்டால் இன்று அவனை யாருக்குத் தெரியும்? பட்சபாதத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளை பிழைத்ததே அதனால்தான்.

வம்பு அதற்கப்புறம். 2000-இல் இவர்கள் சினிமாவுக்கு வந்தபோது வுல்வரினே கதாநாயகன் ஆனான். ஆகட்டும். ஆனால் 2006-இல் வந்த மூன்றாவது படத்தைப் பாருங்கள். தலைவன் சைக்ளாப்ஸ் ஆரம்பத்திலேயே செத்துப் போகிறான். சாவைக் கூடக் காட்டவில்லை. அவன் கண்ணாடி அந்தரத்தில் மிதக்கிறது, அவ்வளவுதான்! நடிகருக்கு அதே வருஷம் வேறு படம் இருந்தது என்பார்கள். இருக்கட்டும். அவனுடைய துக்கம் யாருக்குப் போயிற்று என்பதுதான் என் கேள்வி. 1980-இல் வந்த படக்கதையில், தன் சக்தியே தன்னை விழுங்கிவிடும் என்று கண்ட ஜீன் கிரே, காதலன் சைக்ளாப்ஸின் கண்ணெதிரில் உயிரை மாய்த்துக் கொள்கிறாள். பல வருஷக் காதலுக்கு அவன் கொடுத்த விலை அது. சினிமாவில் அவளை அழுதுகொண்டே கொல்பவன் வுல்வரின். காதலித்தவன் ஒருவன், கண்ணீர் விடுபவன் இன்னொருவன்!

1981-இல் கிளேர்மான்டும் பைர்னும் எழுதிய இன்னொரு கதையில், நாசமான எதிர்காலத்தைத் தடுக்க ஒருத்தியின் மனம் மட்டும் பழைய காலத்துக்கு அனுப்பப்படுகிறது. போகிறவள் கிட்டி. அடிபட்டு முதிர்ந்த அவள் மனம், கூட்டத்தில் புதிதாய்ச் சேர்ந்த பதின்மூன்று வயதுக் கிட்டியின் உடம்பில் விழிக்கிறது. சிறுமி சொல்வதைப் பெரியவர்கள் நம்ப வேண்டும். கதையின் உயிரே அங்கேதான். 2014-இல் எடுத்த படத்தில் போகிறவன் — சொல்லவும் வேண்டுமா? கிட்டி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அவனை அனுப்பி வைக்கிறாள். கதை போகும் 1973-இல் அவள் பிறந்திருக்கவே மாட்டாள் என்பது நியாயமான சமாதானம்தான். அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனாலும் படம் நன்றாகவே இருக்கிறது. அங்கே போனபின் வுல்வரின் வெறும் தூதன். முடிவு செய்கிறவள் வேறொருத்தி. 2017-இல் 'லோகன்' என்று அவனுக்கென்றே ஒரு படம் வந்தது. நோயாளிக் கிழவர் ஒருவர், முரட்டுச் சிறுமி ஒருத்தி, நரைத்த தாடியுடன் அவன். யாருடைய பங்கையும் பிடுங்காமல் தன் சொந்தச் சாவைச் சாகிறான். எனக்கு மிகவும் பிடித்த படம்.

2014 படத்தின் கடைசியில் காலம் திருத்தப்பட்டு, வுல்வரின் கண் விழிக்கிறான். ஜீன் உயிரோடு நிற்கிறாள். தொடப் போகிற அவன் கையை ஒருவன் வந்து தடுக்கிறான். எட்டு வருஷத்துக்கு முன் செத்த சைக்ளாப்ஸ்! சில விநாடிகள்தான் நிற்கிறான். அதையும் வுல்வரினின் சந்தோஷமாகத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.